மணலுக்குத் தார்ப்பாய் போட்ட பெருமக்களுக்கு

மணல் விவகாரம் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் பிள்ளைகள் குகை தோண்டினார்கள், மாலைக்குள் அதன்மேல் தார்ப்பாய் வந்துவிட்டது. கூடவே அறிவுரை: "விளையாடத்தான் பூங்கா இருக்கிறதே!"

இருக்கிறது. சறுக்கு ஒன்று, ஊஞ்சல் இரண்டு, பந்து விளையாடக் கூடாது என்று பலகை ஒன்று. பிள்ளைக்கு வேண்டியது தன் கையால் மாற்றக்கூடிய பொருள். மணல் குகையாகும், அணையாகும், இட்லியாகும். சறுக்கு என்றைக்கும் சறுக்குதான்.

டென்மார்க்கில் சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர், தாம் பார்த்துப் பார்த்து அமைத்த இடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறெங்கெல்லாமோ விளையாடுவதைக் கவனித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. 1943-இல், நாடே ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் பலகையும் பழைய சாமானும் போட்டு அவர்களுக்கென்றே ஓர் இடம் திறந்தார்கள். நாம் தார்ப்பாய் போடுகிறோம்.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி எனக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்பு வாங்கித் தந்தாள். அரக்குச் சாயம் மின்னும் கடைசல் மரம். உரல், திருகை, குடம். ஆற்றுமணலில் சோறு பொங்கி, பூவரச இலையில் பரிமாறுவேன். ஆச்சி குனிந்து தின்பதுபோல் பாவனை செய்து, "உப்பு கொஞ்சம் குறைவு" என்பாள். அவ்வளவுதான். இப்படி விளையாடு, அப்படி விளையாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"எம்சாண்ட் தூசி நெஞ்சுக்கு ஆகாது" என்கிறார்கள். நியாயம்தான், அது பாறைப் பொடி. தண்ணீர் தெளித்தால் அடங்காதா? "மணல் வீணாகிறது." இரண்டு கூடை மணலுக்கு நான் பணம் தருகிறேன், கணக்கு அனுப்புங்கள். ஐ.நா. 1989-இலேயே விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்று எழுதிவைத்தது. 1992-இல் இந்தியாவும் ஏற்றது. நம் தெருக் குழுவின் ஒப்புதலுக்குத்தான் காத்திருக்கிறோம்.

"பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள்" என்று குழுவில் எழுதிய அண்ணாச்சிக்கு: பெயர் போடாவிட்டாலும் யாரைச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிந்தது. உங்கள் பேரன் சாயங்காலம் முழுக்கக் கைபேசியோடு திண்ணையில் இருக்கிறான். நான் ஏதாவது எழுதினேனா? என் மகனுக்கும் அபாகஸ் வகுப்பு உண்டு, நானும் யோக்கியம் இல்லை. ஆனால் அதிலிருந்து வந்து என் மகன் ஒருநாளும் மூச்சு வாங்க எதையும் சொன்னதில்லை. குகையைப் பற்றி மூன்று நாள் சொன்னான்.

நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, உள்ளே என் சிரட்டை இருக்குமா?"

காலையில் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். குகை இடிந்திருந்தது. சிரட்டையை எடுத்துவந்துவிட்டேன். திருட்டு என்றால் புகார் கொடுங்கள்.