மூன்றாவது கேள்வி

எதையும் துருவிப் பார்க்கும் குணம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. நான் கற்றவற்றில் பெரும்பகுதி அதனால் கிடைத்தது என்பதால் அதற்காக வருந்தியதில்லை. ஆனால், மணமுறிவு பெற்றிருந்த தோழி ஒருத்தியிடம் சில ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. எப்படி இருக்கிறாய் என்றும், ஏதேனும் உதவி வேண்டுமா என்றும் கேட்டது அவளுக்காக. அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டது எனக்காக மட்டுமே. அவள் பதில் சொன்னாள். அதன்பின் பல மாதங்கள் என்னோடு பேசவில்லை.

அறியும் ஆவலை, தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி தரும் தவிப்பு என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் விளக்கினார். அன்று எனக்கு நேர்ந்ததும் அதுவே: ஒன்றுமே தெரியாதிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன், பாதி தெரிந்ததுதான் என்னை அரித்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னதிர்ச்சி தருமா தராதா என்று தெரியாத பேனாக்களையே மக்கள் அதிகம் அழுத்திப் பார்த்தார்கள். நம் விரல் வலித்தால் அது நம்மோடு போயிற்று. பிறர் வாழ்வைக் குடையும்போது வலி அவர்களுக்கு.

அறிவியலின் பெயரால் கேட்டாலும் இது மாறுவதில்லை. அமெரிக்காவின் டஸ்கெகீ ஆய்வில், சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் போக்கை அறிவதற்காக 399 கறுப்பின நோயாளிகளை 1932 முதல் 1972 வரை கவனித்துவந்தவர்கள், அந்நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அங்கே அறியும் விருப்பம் இருந்தது, அறியப்படுபவரின் சம்மதம் இல்லை.

அதே நேரம், இந்த எல்லையைக் காட்டிக் குழந்தையின் வாயை அடைப்பதையும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவரை வம்பன் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். பதவியில் இருப்பவரின் கோப்பும் துயரத்தில் இருப்பவரின் மனமும் ஒன்றல்ல. முன்னதைத் திறக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. பின்னது உள்ளிருப்பவர் திறக்கும்போது மட்டுமே திறக்கும்.

தோழி இப்போது மீண்டும் பேசுகிறாள். சென்ற வாரம் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதியை நான் கேட்கவில்லை.