நடைமேம்பாலம் யாருக்காக?

சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) கைக்குழந்தையோடு மீடியன், அதாவது சாலையின் நடுத்தடுப்பு, ஏறிக் குதித்த அந்தப் பெண்ணின் வீடியோ இரண்டு நாளாகச் சுற்றுகிறது. எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "நடைமேம்பாலம் இருக்கே, ஏறிப் போக வேண்டியதுதானே?" என்பதுதான் கீழே பெரும்பாலான கமெண்ட். "இதுங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்ல" என்று எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அந்த "இதுங்க" என்ற சொல் என்னை ரொம்பவே காயப்படுத்தியது.

நடைமேம்பாலம் நடப்பவர்களுக்காகக் கட்டுவதல்ல. கார் நிற்காமல் போவதற்காகக் கட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் 6 மீட்டர். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. கையில் குழந்தை, தோளில் பை. மூட்டுவலி இருந்தால் சொல்லவே வேண்டாம். லிஃப்ட் வைத்தாலும் பராமரிக்க ஆள் இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும்.

தரையிலேயே கடப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு பக்கம் மூன்று லேன், மொத்தம் 10.5 மீட்டர். மீடியனில் 2 மீட்டர் அகலத்துக்கு நின்று இளைப்பாற இடம் விட்டால், பாதிச் சாலையை ஒரு தடவை, மீதியை இன்னொரு தடவை கடக்கலாம். மெதுவாக நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் போவார். காலெடுத்து வைக்க 7 விநாடி சேர்த்தாலும் 18 விநாடிதான். வண்டிகளை அந்த 18 விநாடி நிறுத்தும் ஒரு சிக்னலைத்தான் கேட்கிறோம்.

"சிக்னல் போட்டா டிராஃபிக் நிக்கும்" என்று வருவீர்கள். இப்போது நிற்கவில்லையா? சோழிங்கநல்லூர் சந்திப்பில் மாலையில் நிற்பது நடந்து போகிறவர்களால் அல்ல, ஒரு காருக்கு ஒருவராக வரும் நம்மால். "நான் ரோடு டாக்ஸ் கட்டுறேன்" என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உப்பு, சோப்பு வாங்கும் எல்லாரும் வரி கட்டுகிறார்கள்.

அடுத்தது நடைபாதை. இங்கே வழக்கமாக நடப்பது இதுதான்: முதலில் மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள். அதன் மூடியே நடைபாதை ஆகிவிடுகிறது. வடிகால் சாலையை விட ஓரடி, ஒன்றரை அடி உயர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கேட் வாசலிலும் அதை உடைத்துச் சரிவு போடுகிறார்கள். நடப்பவர் பத்தடிக்கு ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் சாலையில் நடக்கிறார்கள், கொழுப்பினால் அல்ல. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: உயரம் 15 செ.மீ.-க்கு மேல் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். கேட் வந்தால் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார். உட்தெரு முனைகளிலும் அப்படியே, நடைபாதை மட்டத்துக்குச் சாலையை உயர்த்த வேண்டும். முனையின் வளைவைச் சுருக்கினால் வண்டி தானாகவே வேகம் குறைத்துத்தான் திரும்பும்.

இதெல்லாம் வரைபடத்தில் சரியாக இருந்தும் களத்தில் கெடுவதற்குக் காரணம், சாலை ஒருவர் கையில், வடிகால் ஒருவர் கையில், மின்பெட்டி இன்னொருவர் கையில் இருப்பது. 1.8 மீட்டருக்கு நடுவில் ஒரு மின்பெட்டி வந்தால் மிச்சம் அரை மீட்டர். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கு முதலிடம் என்று கொள்கை வகுத்தது. 2019-இல் தி.நகர் பாண்டி பஜாரில் செய்தும் காட்டியது. தி.நகரில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"இந்த வெயில்ல யாருங்க நடப்பா?" இது நியாயமான கேள்விதான். நிழலில்லாத நடைபாதையில் ஏப்ரல் மதியம் நடக்க முடியாது. அதனால்தான் சாலை விளிம்புக்கும் நடைபாதைக்கும் இடையே வேருக்குப் போதிய இடம் விட்டு மரம் வைக்கச் சொல்கிறோம், புங்கனும் வேம்பும். கான்கிரீட்டில் ஓரடி ஓட்டை போட்டு நட்டால் வேர் நடைபாதையைத் தூக்கும், அல்லது மரம் புயலில் சாயும். மரம் வளரும்வரை பேருந்து நிறுத்தங்களுக்கும் கடப்பிடங்களுக்கும் கூரை போடலாம்.

நிழலை விடப் பெரிய பிரச்சினை சுவர். நாவலூர், படூர் பக்கம் அடுக்குமாடி வளாகங்களின் மதில் நீண்டுகொண்டே போகிறது. பின்பக்கம் 200 மீட்டரில் இருக்கும் பள்ளிக்கு மெயின் ரோடு வழியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். பிறகு ஸ்கூட்டி வாங்காமல் என்ன செய்வார்கள்? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குப் பூங்காவுக்காக 10 சதவீத இடத்தைத் தானமாக எழுதித் தரச் சொல்கிறது கட்டட விதி. அதே விதியில் 3 மீட்டர் அகலப் பொதுப்பாதை ஒன்றும் கேட்டால் என்ன? "பாதுகாப்பு போயிடும்" என்பீர்கள். பாதையின் இரு பக்கமும் வேலி போட்டுக்கொள்ளுங்கள். வழியை மட்டும் விடுங்கள்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சிலர் நினைக்கிறீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டைசன்ஸ் என்ற இடம் இருக்கிறது. கார்களுக்காகவே வளர்ந்த ஊர். 2014-இல் அங்கே நான்கு மெட்ரோ நிலையங்கள் திறந்தார்கள். ஆனால் இறங்கியதும் முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் பார்க்கிங் மைதானம். பெரிய மனைகளைப் பிளந்து சின்னத் தெருக்கள் போடும் வேலை இன்னும் முடியவில்லை. நமக்கு ஓ.எம்.ஆர் வழியாக மாதவரம்–சிப்காட் மெட்ரோ தடம் வருகிறது. நிலையப் படிக்கட்டு சர்வீஸ் ரோட்டுக்கு அப்பால், நடைபாதையில் இறங்க வேண்டும். பேருந்து அந்தப் படிக்கட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். இப்போதே கேட்டு வாங்காவிட்டால் பிறகு இடிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தச் சாலையைக் காலால் கடப்பது யார்? நகரத்துக்குள் இருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். நம் வீட்டில் சமைக்கிறவர்கள், நம் அலுவலகக் கழிப்பறையைக் கழுவுகிறவர்கள். ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு இருட்டில் மீடியன் தாண்டுகிறார்கள். வேலைக்கு வரச் சொன்ன நாம், அவர்கள் வீடு திரும்ப 18 விநாடி நிற்க மாட்டோம் என்கிறோம். "இதுங்க" என்று எழுதியவர்கள் அதை அழித்துவிட்டு, உங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பின்பக்க மதிலில் ஒரு வழி திறக்கச் சொல்லுங்கள்.