மரமில்லாத மலைன்னு சொல்லி அத அழிச்சிடாதீங்க

மழை ஆரம்பிச்சா போதும், நம்ம வேலூர் குரூப் எல்லாத்துலயும் விதைப்பந்து போட்டோதான். மலைய பசுமையாக்கறோம்னு குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பாறை சரிவுல ஏறி வீசிட்டு வராங்க. பசங்க மனசு தங்கம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த எடம் தரிசு இல்லங்க, சத்தியமா இல்ல.

அதே குடியாத்தம் பக்கம் மோர்தானா டேம தாண்டினா ஆந்திரா பார்டர், அந்தாண்ட கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். 1990ல அறிவிச்சாங்க, சுமார் 350 சதுர கிலோமீட்டர். மைசூர் பீடபூமியும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் நம்ம பாலாத்து சமவெளியும் வந்து சேர்ற மூலை அது. ஓடை ஓரமா நல்ல நிழல் இருக்கும், கொஞ்சம் ஏறினா இலையுதிர் காடு, அப்புறம் உசிலும் காரையும் சூரையுமா முள்ளுக்காடு, நடுநடுவுல வெறும் பாறை. இப்படி எல்லாம் கலந்து கிடக்கறதாலதான் யானை, கரடி, சிறுத்தை, கடமான், தேவாங்குன்னு அத்தனையும் ஒரே வட்டாரத்துல பொழைக்குது.

மஞ்சள் தொண்டைச் சின்னான்னு ஒரு குருவி இருக்குது, தலை மஞ்சள் கலந்த பச்சை, தொண்டை பளிச்சுனு மஞ்சள், வயிறு சாம்பல், வாலுக்கு அடியில திரும்பவும் ஒரு மஞ்சள் திட்டு. தென்னிந்தியாவ விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அழியற ஆபத்துல இருக்கற பறவைன்னு பட்டியல்ல போட்டிருக்காங்க. அது தேடறது சோலைய இல்ல, பாறையும் புதரும் இருக்கற இதே மாதிரி சரிவதான்! நாம அங்க கண்ட மரத்தையும் அடர்த்தியா வளத்து விட்டா அது எங்க போவும்?

யானை கதையும் இதுதான். பல தலைமுறையா யானையே இல்லாத சித்தூர் காட்டுக்கு 1980கள்ல ஓசூர், கர்நாடகா பக்கமிருந்து நடந்து வந்து தங்கிடுச்சுங்க. அதுங்க சாணிய குச்சியால கிளறி பாருங்க, நாருக்கு நடுவுல முழுசு முழுசா கொட்டைங்க கிடக்கும், சிலது முளை விட்டே இருக்கும், அந்த மண்ணுக்கு எது வேணும்னு அதுங்களுக்கு நம்மள விட நல்லாவே தெரியும். அதே யானை ராத்திரி எறங்கி வாழைத்தோப்ப மிதிச்சிட்டு போச்சுன்னா அந்த விவசாயிக்கு ஒரு வருஷ ஒழைப்பு காலி, அவருக்கு நஷ்டஈடு அலைய விடாம உடனே கிடைக்கணும், இல்லன்னா கள்ளத்தனமா கரண்டு வேலி போடறத யாராலயும் தடுக்க முடியாது.

நடணும்னு ஆசையா இருந்தா ஏரிக்கரையில பனங்கொட்டை போடுங்க, பாலாத்தங்கரையில புங்கன் வைங்க. மலைக்கு ஏதாவது செய்யணும்னா கோடையில தீ வைக்கறவங்கள நிறுத்துங்க, அதுக்கு கூப்பிடுங்க, நானும் வரேன்.