போன வருடத்தைவிடக் குறைவு என்பது போதுமா?

மாநிலச் சாலைப் பாதுகாப்புத் திட்டம் வெற்றி என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்கு அது காட்டும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: போன வருடத்தைவிட இந்த வருடம் உயிரிழப்பு குறைவு. சரி, நல்ல விஷயம். ஆனால் ஒரு வருடக் கணக்கு ஏறும், இறங்கும். ஒரு வளைவில் மூன்று விபத்து நடந்த கையோடு எச்சரிக்கைப் பலகை வைத்தால், அடுத்த வருடம் அங்கே ஒன்றாகக் குறையலாம். பலகை இல்லாவிட்டாலும் குறைந்திருக்கலாம். அமெரிக்க மாநிலங்கள் ஐந்தாண்டு சராசரியைப் பார்ப்பது இதனால்தான். 2020இல் அங்கே வண்டி ஓட்டம் குறைந்தும் சாவு கூடியது; அதனால் வண்டிகள் ஓடிய தூரத்துக்கு எத்தனை சாவு என்றும் பார்க்க வேண்டும்.

யாரை எண்ணுகிறோம் என்பதும் கேள்விதான். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் கணக்கில் சேர வேண்டும் என்பது உலகப் பொது வரையறை. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தவர், காவல் நிலையப் பதிவேட்டில் இன்னும் ‘காயம்’ என்றே இருந்தால்? காகிதத்தில் மட்டும் முன்னேற்றம்!

அப்புறம், சாவு எண்ணிக்கைக்காக வருடக் கடைசி வரை காத்திருக்கவும் தேவையில்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வேகத்தை மாதாமாதம் அளக்கலாம். ஹெல்மெட்டையும் எண்ணலாம், ஆனால் வார் மாட்டியதை மட்டும். பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்திருக்கும் ஹெல்மெட்டை அல்ல.