பெரியவர்கள் குளத்தில் யார் தொந்தரவு?

சுற்றுலா சொகுசுக் கப்பலில் பெரியவர்களுக்கு மட்டுமான நீச்சல் குளத்துக்குத் தாயோடு வந்த ஒரு பையனைச் சுற்றியிருந்தவர்கள் திட்டி அனுப்பியது சரியா என்று ஒரு கட்டுரை கேட்கிறது. விதி சரி, திட்டியது தவறு என்பேன். கார்னிவல் கம்பெனிக் கப்பல்களில் பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய செரினிட்டி பகுதிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ராயல் கரீபியன் என்ற இன்னொரு கம்பெனியின் கப்பல்களில் அதே போன்ற சோலேரியம் பகுதிக்கு 16 போதும். கம்பெனி மாறிப் பயணம் செய்பவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். ஊழியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரே பக்குவமாகப் பேசி அனுப்பிவிடுவார். பிள்ளையை நாலு பேர் முன்னால் ஏன் கூனிக் குறுக வைக்க வேண்டும்?

நான் பார்த்தவரை அங்கே அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். விடிந்ததும் துண்டையும் செருப்பையும் சாய்வு நாற்காலியில் போட்டு இடம் பிடித்துவிட்டு, மதியம் சாவகாசமாக வருவார்கள். இதற்காகவே கார்னிவலில் ஆளில்லாத நாற்காலியில் நேரம் குறித்த ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். 40 நிமிடம் தாண்டினால் பொருளை எடுத்து வைத்துவிடுவார்கள். எல்லாக் கப்பலிலும் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். அப்புறம் ஸ்பீக்கரில் வீடியோ கால் பேசுவது, உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனோடு குளிக்காமல் அப்படியே தண்ணீரில் இறங்குவது.

எனக்கு அதைவிடக் கோபம் வருவது வெறித்துப் பார்க்கிறவர்கள் மேல். உடல் முழுக்க மூடும் நீச்சலுடையில் ஒரு பெண் இறங்கினால் முகம் சுளிக்கிறார்கள். அதுவும் மற்ற நீச்சலுடை போல நீந்துவதற்கென்றே தைத்த துணிதான். பருமனானவர் வந்தால் கிசுகிசுக்கிறார்கள். அவர்களும் பணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள், நிம்மதியாக நீந்தட்டும்.