பழைய எலக்ட்ரிக் கிட்டாருக்கு வரலாற்றில் இடம் உண்டா?

போன வாரம் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்டான்: “அண்ணே, ஒரு பழைய கிட்டாரை இத்தனை கோடி கொடுத்து வாங்குறாங்களே, நூறு வருஷம் கழிச்சு இதெல்லாம் யாருக்காவது தெரியுமா? வாங்கினவங்க காலம் முடிஞ்சா வெறும் மரக்கட்டைதானே?” அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியும் தம்பி. நிச்சயம் தெரியும்.

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 2019இல் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த, ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற ரகக் கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார் நியூயார்க் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. கில்மரைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கும்வரை அந்த விலை நிற்கும், பிறகு இறங்கலாம். இறங்கட்டும். விலையோடு வரலாறும் இறங்கிவிடும் என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1930களுக்கு முன் கிட்டார் பின்வரிசை வாத்தியம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் பெரிய ஜாஸ் குழுவில் அதன் சத்தம் பக்கத்து நாற்காலிக்காரரைத் தாண்டாது. 1931இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் பீச்சம், லாட வடிவக் காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் கிட்டார் கம்பிகளுக்கு அருகில் பொருத்தி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கிச் சத்தத்தைப் பெருக்க வழி செய்தார். பிறகு அலுமினியத்தில் வார்த்து விற்ற, மடியில் வைத்து வாசிக்கும் கருவி அது. பார்க்க நீளக் கைப்பிடி போட்ட வாணலி மாதிரியே இருந்ததால் பெயரும் அப்படியே நிலைத்தது. 1939இல் சார்லி கிறிஸ்டியன் என்ற கிட்டார் கலைஞர், பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து ஊது வாத்தியங்களுக்கு நிகராக முன்னால் வந்து வாசித்தார். 1942இல் இறந்தபோது அவருக்கு வயது 25. பின்வரிசையில் இருந்த ஒரு வாத்தியம் முன்வரிசைக்கு வந்த கதை இது. இதை எந்த ஏலக்காரரும் ஏற்றவோ இறக்கவோ முடியாது.

அப்புறம் லியோ ஃபெண்டர். என் மனதுக்கு மிகவும் பிடித்தவர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கடைசிவரை கிட்டார் வாசிக்கக் கற்கவே இல்லை. வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டார், பெயர் மாறி டெலிகாஸ்டர் ஆனது. ஒரு பலகை உடல், நான்கு திருகாணியில் மாட்டிய நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்து. நெக் தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ஓரம் விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் சொன்னார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உடலை வளைவாகச் செதுக்கிவிட்டார். இன்று எந்த வாத்தியக் கடைக்குப் போனாலும் தொங்குவது அந்த 1954 வடிவம்தான். அதே ஆண்டில் வந்த காரையோ ரேடியோவையோ இப்படி மாற்றமில்லாமல் இன்றும் கடையில் வாங்க முடியுமா?

அந்தக் கிட்டார்களைச் செய்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. அந்த நான்கு திருகாணியைக் கழற்றினால் ஐம்பதுகளின் பல நெக்குகளில் பென்சிலால் தேதியும் டி.ஜி. என்ற எழுத்துகளும் இருக்கும். டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி, தான் செதுக்கியதற்கு அடையாளமாகப் போட்டது. அபிகெய்ல் இபாரா 1956இல் ஃபெண்டர் கம்பெனியில் சேர்ந்து, பிக்கப்புக்கு, அதாவது அந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்த பகுதிக்கு, கம்பி சுற்றும் வேலையில் பல பத்தாண்டுகள் இருந்தார். இயந்திரம் சுழலும், கம்பியை வழிநடத்துவது கை. கை மாறினால் சுற்று மாறும், சுற்று மாறினால் நாதம் மாறும். உலகமே வியந்த பல நாதங்கள் இப்படிச் சம்பளத்துக்கு வேலை பார்த்த கைகளில் தொடங்கியவை. அருங்காட்சியகத்தில் நட்சத்திரத்தின் பெயருக்குக் கீழே இவர்கள் பெயரும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் கிப்சன் கம்பெனி செய்த லெஸ் பால் என்ற கிட்டாரின் கதை வேறு மாதிரி. 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிறக் கிட்டார்கள் (நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு), சுமார் 1,500 என்பார்கள், சரியாக விற்கவில்லை. கம்பெனியே அந்த வடிவத்தை நிறுத்திவிட்டது. 1966இல் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர் அப்படியொன்றை மார்ஷல் கம்பெனியின் ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் செருகி, ஜான் மேயால் குழுவோடு ஒரு இசைத்தட்டு செய்தார். அதன் பிறகு எல்லோரும் அதைத் தேட ஆரம்பித்தார்கள். 1968இல் கிப்சன் மறுபடியும் லெஸ் பால் செய்தது. கிளாப்டனின் அந்தக் கிட்டாரோ 1966லேயே திருடுபோய்விட்டது. பொருள் இல்லை, ஆனால் அது எழுப்பிய ஒலி இன்றும் இருக்கிறது. தம்பி, உன் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. இத்தாலியின் வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் 300 ஆண்டுகள் கழித்தும் மேடையில் ஒலிக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் நெக்கையே மாற்றினார்கள், மாற்றியதால்தான் வாசிக்க முடிகிறது. கிட்டார் சேகரிப்பவர்களோ உள்ளே ஒரு வயர் இணைப்பில் புதிதாக ஈயம் பற்றவைத்திருந்தாலே விலையைக் குறைக்கிறார்கள். அதனால் வாங்கியவர் வாசிக்கவே அஞ்சி வங்கி லாக்கரில் போடுகிறார். வாசிக்காத கிட்டாரை எப்படி அடுத்த தலைமுறை காதலிக்கும்? ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் அமெரிக்கத் தேசிய கீதத்தை வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கண்ணாடிக்குள் இருப்பது நியாயம். எல்லாமே கண்ணாடிக்குள் போவது நியாயமில்லை.

நம் பக்கத்திலும் இந்தக் காந்தமும் சுருளும் செய்த வேலையைக் கேட்டிருக்கிறோம். மாண்டலின் நாதம் சட்டென்று அடங்கிவிடும், கமகம் பிடிக்க நேரம் தராது. யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்து, நாதத்தை நீட்டி, கச்சேரி மேடையில் உட்கார்ந்தார். ஆர். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். பீச்சமின் வாணலிக்கும் சபா மேடைக்கும் இடையே ஒரு கம்பி ஓடத்தான் செய்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். அந்தப் பழைய லெஸ் பால்களில் பூசிய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கடைக் கண்ணாடியில் தொங்கியது, மேடையில் உழைத்தது எல்லாம் இன்று தேன் நிறத்திலும் எலுமிச்சை நிறத்திலும் இருக்கின்றன. ஒன்று போல இன்னொன்று இல்லை. உடலில் கீறல் விழாமல் மாட்டிய பிக்கார்டு என்ற தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் மட்டும் 1959இன் சிவப்பு அப்படியே இருக்கும். எனக்குப் பிடித்தது அதைச் சுற்றி வெளுத்திருக்கும் பகுதிதான்.