கிட்டாரை உருவிவிட்டால் அது டி க்ரூப்ஸ் இல்லை

அந்தப் பதிவுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டேக் செய்து, இன்பாக்ஸில் வந்து, "நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல" என்று கேட்டபடியே இருக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

டி க்ரூப்ஸ் என்ற ஜெர்மன் இண்டஸ்ட்ரியல் இசைக்குழு (இயந்திரத் தாளமும் உலோக ஓசையும் கலந்த இசை அது) 2015-ல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்' ஆல்பத்தை ஒரு தம்பி பாட்டிலிருந்து வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருளில் போட்டு, கிட்டாரை எடுத்துவிட்டு, "ஃபேஷனுக்காகத் திணித்த குப்பையை நீக்கிவிட்டேன், இதுதான் அசல் இண்டஸ்ட்ரியல்" என்று ஏற்றியிருக்கிறார். கீழே வரிசையாக இதயங்கள். "இப்பதான் கேக்க முடியுது" என்று பாராட்டுகள். என்ன கேட்கிறோம் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அந்த இசைக்குழுவில் கிட்டார் மேலே பூசிய வண்ணம் அல்ல. அது தாளத்தின் பாதி. அதை எடுத்தால் தாளமும் சேர்ந்து போகும்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். நீங்களே சோதிக்கலாம். அசல் பாட்டையும் அந்தத் தம்பியின் வடிவத்தையும் எடிட்டிங் மென்பொருளில் இரண்டு ட்ராக்குகளாக வையுங்கள். இரண்டும் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 என்றால் தொடக்கத்தில் சிறு இடைவெளி சேர்ந்துவிடும், இரண்டும் பொருந்தாது. ஒலியளவைச் சமமாக்கி, முதல் அடி இம்மியும் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்படி நகர்த்தி, ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பிப் போட்டு (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்)ச் சேர்த்து ஓட்டுங்கள். பொதுவானது அழிந்துபோய், எது நீக்கப்பட்டதோ அது மட்டும் கேட்கும். கிட்டார் மட்டுமா கேட்கிறது? ஸ்னேர் டிரம்மின் 'சட்' என்ற முனை அதில் இருக்கிறது. சிந்தசைசர் வரிகள் இருக்கின்றன. குரலின் கரகரப்பில் ஒரு பங்கும் இருக்கிறது. தம்பி குப்பை என்று வீசியதில் முக்கால்வாசி அந்த இசைக்குழுவேதான்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை நாலு பெட்டிகளாகத்தான் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. கிட்டாரும் கீபோர்டும் 'மற்றவை'க்குள் ஒன்றாக விழும். கிட்டாருக்குத் தனிப் பெட்டி தரும் மென்பொருளும் உண்டு. ஆனால் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றிய சிந்தசைசரும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் 80 ஹெர்ட்ஸில் தொடங்கி ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஹார்மோனிக்குகளாக (ஒரு சுரத்தோடு மேலே எழும் துணை ஒலிகளாக) அடர்ந்து கிடக்கின்றன. கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து புளியை மட்டும் வெளியே எடுக்கச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகியிருக்கிறது.

"அப்போ ஆரம்பத்துல கிட்டார் இல்லாமத்தானே பண்ணாங்க?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டுசெல்டார்ஃபில் 1980-ல் தொடங்கிய குழு அது. எசன் நகரத்தில் எஃகு ஆலை நடத்திய க்ருப் குடும்பத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1981-ல் 'ஸ்டால்வெர்க்சின்ஃபோனி' வந்தபோது அவர்கள் நம்பியது அடிபடும் உலோகத்தை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யூர்கன் எங்லர் எஃகுக் குழாய்களை வரிசையாகத் தொங்கவிட்டு 'ஸ்டாலோஃபோன்' என்று ஒரு கருவியையே செய்து வாசித்தார். ஆனால் அதே எங்லர் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? 'மாலே' என்ற பங்க் குழுவில் பாடிக்கொண்டு கிட்டார் வாசித்தார். 1976-ல் உருவான அது ஜெர்மனியின் ஆரம்பகால பங்க் குழுக்களில் ஒன்று. கிட்டார் அவருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல, முதலிலேயே கையில் இருந்தது. நடுவில் குழாயை அடித்தார், பிறகு அந்த அடியை மறுபடி கம்பிக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) மேல் அழுத்தி அடிக்கும்போது வருகிற அந்தக் கட்டையான 'ஜக்' இருக்கிறதே, அதன் வேலையும் எஃகுக் குழாயின் வேலையும் ஒன்று. கேட்டுப் பாருங்கள்.

அடுத்து ராம்ஸ்டைன் என்ற இன்னொரு ஜெர்மன் மெட்டல் குழு. "அவங்களப் பாத்துக் காப்பி அடிச்சாங்க" என்று எழுதியவர்களுக்கு வருடங்களை மட்டும் சொல்கிறேன். கிட்டார் கனமாக ஒலிக்கும் டி க்ரூப்ஸின் 'II' என்று எண்ணிட்ட ஆல்பம் 1993. ராம்ஸ்டைன் பெர்லினில் சேர்ந்ததே 1994, முதல் ஆல்பம் 1995. யார் யாரைப் பார்த்திருக்க முடியும்?

அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பின்னால் ஓடினார்கள் என்கிற குற்றச்சாட்டும் இருக்கிறது. 1992-ல் அவர்கள் மெட்டாலிகா பாடல்களை எடுத்தது உண்மை. எடுத்து என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? கிட்டார் பாடல்களை மெஷினுக்கு மாற்றினார்கள். ஓடுகிறவன் செய்கிற காரியமா அது? ஆல்பத்தின் பெயரைக்கூட அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடிடம் திருடினார்கள் என்கிறார்கள். 1975-ல் வந்த லூ ரீடின் அந்த ஆல்பம் தொடக்கம் முதல் கடைசி வரை கிட்டார் ஃபீட்பேக் (ஸ்பீக்கரின் ஒலி கிட்டாருக்கே திரும்பி வந்து எழுப்பும் கூச்சல்). க்ரூப்ஸ் அதே பெயரில் 1990-களின் தொடக்கத்திலேயே ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார்கள். தலைப்பிலேயே கிட்டார் உட்கார்ந்திருக்கும் ஆல்பத்திலிருந்து கிட்டாரை எடுத்துவிட்டு 'அசல்' என்று பெயர் வைப்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்ள?

என்னை உண்மையில் புண்படுத்தியது வேறு ஒரு கமெண்ட். "டிஸ்டார்ஷன் ப்ளகின் போட்டா அஞ்சு நிமிஷ வேலை." செய்து பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியை நாலாகப் பிரித்த பதினாறாம் பங்குச் சுரம் ஒவ்வொன்றுக்கும் 125 மில்லிசெகண்ட்தான். சுரங்களைத் தானாக வாசிக்கும் சீக்வென்சர் இம்மி பிசகாது. உங்கள் கை கொஞ்சம் பிந்தினால் கிக் டிரம்மும் கிட்டாரும் 'ட-டக்' என்று இரட்டையாகக் கேட்கும். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) ஏற்றினால் கனமாகும் என்று நினைப்பீர்கள், தலைகீழாகத்தான் நடக்கும். கெயின் ஏற ஏறச் சுரத்தின் முனை மழுங்கி எல்லாம் ஒரே இரைச்சலாகும். நேரில் வாசிக்கும்போது வைப்பதைவிடக் குறைத்து வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் இன்னொரு தடவை, இரண்டையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் ஒரே ஒலியாக நிற்கும். நகலை 1 மில்லிசெகண்ட் தள்ளிவைத்து ஏமாற்றலாம் என்றால், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும் மோனோவில் கேட்கும்போது 500 ஹெர்ட்ஸில் குழி விழுந்து கிட்டார் தகரமாகிவிடும்.

இன்னும் இருக்கிறது. தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி (இதுதான் டிராப் டி) வைத்தால் அந்தக் கீழ்க் கம்பி 73 ஹெர்ட்ஸ். பலமாக அடித்தாலே தொடக்கத்தில் சுருதி ஏறிவிடும். சிந்தசைசரோ துல்லியமாக நிற்கும், இரண்டும் உரசும். அதற்குத்தான் கீழே 52 அல்லது 54 கேஜ் தடித்த கம்பி போடுவதும், ஒவ்வொரு தடவை பதிவு செய்வதற்கும் முன் சுருதி பார்ப்பதும். கிக்குக்கும் பேஸ் சிந்தசைசருக்கும் இடம்விட கிட்டாரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டும். அடிக்கும் அடிக்கும் நடுவே நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் அடைத்துவிடும் கருவி) வைத்து மௌனத்தை உண்டாக்க வேண்டும். அந்த கேட் சீக்கிரம் மூடினால் சுரத்தின் வால் அறுந்து கிளிக் கேட்கும். தாமதமாக மூடினால் ஆம்ப்பின் ஹம் உள்ளே வந்துவிடும். அந்த மௌனம்தான் இந்த இசையை மெஷின் ஆக்குகிறது. இதை அஞ்சு நிமிஷம் என்கிறார்கள்.

"ஒரு ரசிகன் விளையாட்டாகச் செய்ததற்கு இவ்வளவு கோபமா" என்று கேட்பீர்கள். விளையாடட்டும். ரீமிக்ஸ் இந்த இசையின் உயிர், க்ரூப்ஸே எத்தனையோ ரீமிக்ஸ் வெளியிட்டவர்கள். 'கிட்டார் இல்லாத ரீமிக்ஸ்' என்று போட்டிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். 'சுத்தம் செய்தேன்' என்ற சொல்தான் சகிக்கவில்லை. அந்தக் கிட்டார் எந்தக் காலத்தில் இவ்வளவு கனமானது என்று தெரியுமா? 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக்கில் வெளிநாட்டவர் தங்கியிருந்த கட்டடத்தைக் கும்பல் கொளுத்தியது, கூடிநின்றவர்கள் கைதட்டினார்கள். நவம்பரில் மோல்ன் நகரத்தில் துருக்கியர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1993 மே மாதம், டுசெல்டார்ஃபுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சோலிங்கனில், ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்ததில் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். அந்த வருடம்தான் அவர்கள் 'ஃபாதர்லேண்ட்' பாடினார்கள், நியோ நாஜிகளுக்கு எதிராக. அதை மென்மையாகப் பாடியிருக்க வேண்டுமா? ஃபேஷன் என்கிறீர்களே, அந்தக் கோபத்துக்கு வேறு எந்த வாத்தியத்தை எடுத்திருப்பீர்கள்?

குழுவினரின் வயதைச் சொல்லிக் கேலி செய்த கமெண்டுகளுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்தும் எங்லரும் ஆரம்பகால உறுப்பினரான ரால்ஃப் டோர்ப்பரும் சேர்ந்து நின்று அப்படி ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி, பதிவை நீக்கச் சொல்லவில்லை. 'அசல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே ஆல்பத்தின் இணைப்பையும் கொடுங்கள். கேட்பவர்கள் இரண்டையும் ஹெட்ஃபோனில் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்கட்டும்.